எதிர்வீட்டு அக்கா ஸ்வெட்டர் போடாத ரகசியம்

எனக்கு அறுபத்தேழு வயது. திண்டுக்கல்லில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிட மூன்று வயது மூத்தவர் எதிர்வீட்டு மேரியக்கா. டிசம்பர் குளிரிலும் தினமும் நடந்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். வாசலில் காபியோடு நிற்கும் என் கணவர், "அந்தம்மாவப் பாரு. ஒரு ஸ்வெட்டர்கூடப் போடல" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மேரியக்காவை முந்திவிட நினைத்து, ஆறு மணிக்கே வெறும் வயிற்றோடு, ஸ்வெட்டர் இல்லாமல் அவர் நடக்கும் மைதானத்துக்குப் போனேன். பனி கொட்டியது. இரண்டாவது சுற்றில் உடம்பு நடுங்கித் தலை சுற்றியது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. போனையும் எடுத்து வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆளும் இல்லை.

வெயில் வந்த பிறகுதான் மேரியக்கா வந்தார். என் கையைத் தொட்டுப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏன் டீச்சர், பனியில இம்புட்டு வெள்ளனவா வருவீக? நான் ரெண்டு இட்லி சாப்பிட்டு, வெயில் வந்தப்புறம்தான வாரேன். வெயில்ல எதுக்கு ஸ்வெட்டரு?"

சூடாக டீ வாங்கிக் கொடுத்து, ஆட்டோவில் வீட்டுக்கும் கூட்டி வந்தார்.

இப்போது நானும் சாப்பிட்டு, வெயில் வந்த பிறகு, போனோடு அவர் கூடவே நடக்கப் போகிறேன். என் கணவர் மட்டும் இனி காபியை அடுப்படியில்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.