ஸ்டெல்லா டீச்சரின் தாளிப்பொடி

வெட்கக்கேடான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊராரே, அன்று அடக்கத்துக்கு வந்திருந்த நீங்களே பார்த்ததுதான். ஸ்டெல்லா டீச்சரின் வீட்டுக்குத் துக்கம் கேட்க நான் தலையில் பச்சைப் பொடியோடு போனேன். செய்தி வந்தபோது குளியலறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றிருந்தேன். டீச்சர் விற்கிற தாளிப்பொடியை, அதாவது தலை கழுவுகிற பொடியை, கஞ்சித்தண்ணீரில் குழைத்து மண்டையில் அப்பி, பத்து நிமிடம் ஊறவிட்டிருந்தேன். கதவுக்கு வெளியே என் மனைவி போனில் யாரிடமோ "எப்போ?" என்று கேட்டாள். பிறகு கதவைத் தட்டி, "ஸ்டெல்லா டீச்சர் போயாச்சு" என்றாள். குழாயைத் திறந்தேன். கரண்ட் இல்லை, மேலே தொட்டியில் தண்ணீரும் இல்லை. துண்டால் துடைத்துக்கொண்டு வெள்ளறடை பஸ்ஸைப் பிடித்தேன். என் தலையில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் முடி உண்டு. அதைக் கழுவ எதற்குப் பொடி என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன்.

பாறசாலையில் ஒரு டியூட்டோரியலில் அவர் கெமிஸ்ட்ரி எடுத்தார், நான் ஹிஸ்டரி எடுத்தேன். இடுப்பைத் தாண்டி இறங்கும் அவருடைய பின்னலை அங்கே படித்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டியூட்டோரியலை மூடியபோது என்னைப் போன்றவர்கள் புலம்பிக்கொண்டு திரிந்தோம். அவர் வெள்ளறடைக்கு அப்பால் ரப்பர் மரங்களுக்குள் இருக்கும் தன் வீட்டில் செம்பருத்தி இலையையும் சீயக்காயையும் வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் உலர்த்திப் பொடித்து விற்கத் தொடங்கினார். கூட இருந்தது தங்கை ரோஸ்லி மட்டும். எதைக் கேட்டாலும் தலையாட்டுவாள், பேசினால் அன்று மழை வரும். இரண்டு பேருக்கும் சோறு அந்தப் பொடிதான். விளம்பரம் அந்தப் பின்னல்.

முதல் பாக்கெட்டை எனக்குச் சும்மா தந்து, "கண்ணைத் திறக்கப்படாது சாரே" என்றார். நான் திறந்தேன். இரண்டு நாள் கண் சிவந்து அலைந்ததில், நான் குடிக்கத் தொடங்கிவிட்டதாக ஆரியங்கோடு வரை பேச்சு. போதாததற்கு, நுரையே வரவில்லையே என்று அவரிடம் போய்க் குறைப்பட்டேன். "நுரை வேணுமெண்ணா கடற்கரைக்குப் போங்க. இது தலை கழுவுறதுக்காக்கும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பொடியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மற்ற எல்லாவற்றைப் பற்றியும் திறந்தேன். என் வாய் உங்களுக்குப் புதிதல்ல. செங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்ததைப் பெண் வீட்டாருக்கே முதலில் சொன்னவன் நான். டீச்சர் அந்த வாயையும் வீணாக்கவில்லை. பிள்ளைகளுக்கென்று கண் எரியாத தனிப்பொடி ஒன்று செய்தபோது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, இன்னும் யாருக்கும் தெரியாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அன்று சாயங்காலமே மூன்று தாய்மார் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். "போஸ்டர் ஒட்டணுமெண்ணா பசை காய்ச்சணும். சாருக்கு ஒரு டீ போதும்" என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் பெருமையாகவே.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் போனபோது தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோஸ்லி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தார். பிறகு ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் வைத்தார். அந்தப் பின்னல் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மாதம் தங்கி மருந்து ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், இன்னும் ஏற்ற வேண்டியது உண்டு. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டீ தம்ளரைப் பார்த்தேன்.

"முடிப்பொடி விக்கியவளுக்கு முடி இல்லேன்னு, என் வாயால போயி ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்ல முடியுமா சாரே?" என்றார். சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "சாருகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன், கேட்டியளா."

வெளியே தெரிந்தால் அந்தப் பொடியை யார் வாங்குவார்கள்? இரண்டு பெண்கள் என்ன செய்வார்கள்? பஸ் வருவதற்குள் தீர்மானித்துவிட்டேன். ஆயுளில் ஒரே ஒரு விஷயத்தையாவது எனக்குள் வைத்துக்கொள்வது என்று.

முதல் வாரம் எனக்கு உடம்பே சரியில்லை. டீக்கடையில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வாயில் பழம்பொரியைத் திணித்துக்கொள்வேன். டீச்சரை எங்கே காணோம் என்று கேட்டவர்களிடம், பெங்களூரில் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார் என்றேன். என் வாயிலிருந்து வந்த செய்தியை இந்தப் பக்கம் யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. உங்களில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சபையின் பெண்கள் சங்கத்து அம்மாமார் நாலு பேர், எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று ரொட்டியும் ஆரஞ்சுமாக வெள்ளறடையில் வந்து இறங்கினார்கள். வழிமறித்து, வீடு பூட்டிக்கிடக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகத் திருப்பி அனுப்பினேன். போகிறபோது இரண்டு ஆரஞ்சை என் கையில் தந்துவிட்டுப் போனார்கள். மன்னியுங்கள் அம்மாமாரே, அதை நான் தின்றுவிட்டேன்.

வாரம் ஒரு நாள் போய்ப் பார்ப்பேன். ரோஸ்லி பொடித்துக் கட்டிய பாக்கெட்டுகளை, டீச்சர் முன்பே செய்துவைத்த சரக்கு என்று சொல்லி, பாறசாலைக் கடைக்கு நானே சுமந்தேன். வீட்டு முன்னறையில் சிகப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், காலில் சுற்றிய பாலிதீன்கூடப் பிரிக்காமல் ஓர் அடுக்கு கிடந்தது. ஜெபக்கூட்டம் ஏதோ வைக்கப்போகிறார்கள் என்று நினைத்து, மேலே இருந்த ஒன்றை உருவிப் போட்டு உட்காருவேன். ஒவ்வொரு தடவையும் டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டே, "யாராவது என்னைக் கேட்டாளா சாரே?" என்பார். வழியெல்லாம் கேட்டிருப்பார்கள். நான் அவர் மனம் பதறக்கூடாது என்று, "ஒருத்தரும் கேக்கல டீச்சர், நிம்மதியா இருங்க" என்பேன். அவர் தலையாட்டுவார்.

ஒரு நாள், கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது, தலையைக் காட்டுங்கள் என்றார். நான் கூசினேன். டியூட்டோரியலில் பையன்களை அடக்குகிற அதே குரலில் குனியச் சொன்னார். புழக்கடைக் கல்லில் என்னை உட்காரவைத்து, பொடியைக் குழைத்து என் மண்டையில் தேய்த்தார். ரோஸ்லி செம்பில் தண்ணீரோடு நின்றாள். அவர் என் முடிகளுக்கு ஆஜர் எடுத்தார். "பதினேழு பேரு உண்டு சாரே. மத்தவங்க லாங் லீவு." விரல்களில் பலமே இல்லை, ஒரு கோழிக்குஞ்சு தலையில் நடப்பதுபோல இருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். பொடி காதோரம் வழிந்துகொண்டிருக்கும்போது மேலேயிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது.

"ஒருத்தரும் வரல்லியே சாரே."

"வரமாட்டாங்க டீச்சர்," என்றேன், அவ்வளவு உறுதியாக. "நான் இருக்கேன்லா."

விரல்களை எடுத்துக்கொண்டார். பிறகு ரோஸ்லியிடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பதினேழு பேரையும் வாரம் தவறாமல் தாளிப்பொடி போட்டுக் கழுவி வருகிறேன். முதலில் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான்.

கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் மருந்து போதும் என்று அனுப்பிவிட்டார்கள். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வேறு எதுவும் கைவசம் இல்லை. செய்யவும் ஒன்றும் தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பொடி பறக்கிறது டீச்சர், கடைக்காரர் இன்னும் கேட்கிறார், போன வாரத்துப் பாக்கெட் தீர்ந்துவிட்டது, எழுந்து வாருங்கள், அடுத்த வாரம் யார் தருவது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்வதை நிறுத்தினால் அவர் அப்படியே போய்விடுவார் என்று பயம். அவர் திரும்பாமலே, "பொடிக்கு ஆள் உண்டு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். தன் சரக்கைப் பற்றிய பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்றைக்கே அடக்கம். முற்றம் கொள்ளவில்லை. ரப்பர் மரங்களுக்கு இடையிலெல்லாம் ஆட்கள் நின்றீர்கள். ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்போமே என்று அழுதீர்கள். ரோஸ்லி ஒருவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, துக்கம் அவளை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தேன். ஆரஞ்சு தந்த அம்மாமாரில் ஒருவர் என் காதோரம் ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு, ஓட்டை வாயன் என்று பெயர் எடுத்த நான் டீச்சருக்கு இந்த ஒன்றைச் செய்து முடித்தேன் என்று உள்ளுக்குள் நிமிர்ந்துகொண்டேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

டீச்சருடையதென்று என்னிடம் இப்போது இருப்பது பாதிப் பாக்கெட் தாளிப்பொடி. இன்னும் நாலு குளிக்கு வரும். கல்லில் குனிந்திருந்தபோது மண்டையில் நடந்த அந்த விரல்கள் உண்டு. பிறகு ஒரு சிகப்பு நாற்காலி. எல்லோரும் போனபின் ரோஸ்லி அதை வாசலுக்குத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"பத்து உண்டு சாரே, இனி இங்கே என்னத்துக்கு?" என்றாள். "அக்கா ஸ்கார்ஃபை அவுத்துக் காட்டின அண்ணைக்கு, சாரு டீ குடிச்சிட்டுப் போன உடனே என்னை வெள்ளறடைக்கு விட்டு வாங்கிச்சதாக்கும். சாருகிட்ட சொல்லியாச்சு, நாளைக்குக் காலைல ஊரே வரும், இருக்க இடம் வேணும்ன்னு."