நான் குடிக்காத கூழ்

இதில் கூட்டிக் குறைத்து ஒன்றும் எழுதமாட்டேன். எனக்கு வெட்கமான இடங்களையும் விடாமல், நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

அந்த நீல ஏரோகிராமின் ஓரப் பசையை நாக்கால் நனைத்து ஒட்டினால் ஒரு கசப்பு வரும்... கூடவே மை மணம். எழுபதுகளின் நடுவில், புத்தூரில் எங்கள் வீட்டு மேசையிலிருந்து மலேசியாவுக்கு அப்படி எத்தனை கடிதம் ஒட்டியிருப்பேன்!

எல்லாம் வசந்திக்குத்தான். என் மாமாவின் மகள். என் வயதுதான், ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். ஒகஸ்ட் லீவுக்கு முதன்முதலாக யாழ்ப்பாணம் வரப்போவதாக எழுதியிருந்தாள். "அங்கே வந்தால் என்னென்ன சாப்பிட வேண்டும்? இனிப்பு வேண்டாம். உப்பும் உறைப்புமாய்ச் சொல்லு."

வாசிகசாலையில் ஒரு புத்தகமும் மிச்சம் விடாத பிள்ளை நான். இப்படிக் கேட்டால் விடுவேனா? பருத்தித்துறைத் தட்டை வடை, தேங்காய்ச் சொட்டோடு புழுக்கொடியல், மோர்மிளகாய்ப் பொரியல்... ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி.

ஆனால் முதலிடம் ஒடியற்கூழுக்கு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் காய்ச்சுவது. மலேசியா போன மாமா மீன், நண்டு தின்னப் பழகிவிட்டார்; எங்கள் வீடு சுத்த சைவம். அம்மா பலாக்கொட்டையும் பயத்தங்காயும் போட்டுத்தான் காய்ச்சுவா. நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த தவமணி கடற்கரைப் பிள்ளை. அவள் வீட்டுக் கூழில் நண்டு, இறால், மீன் எல்லாம் விழும். இன்டர்வலில் அவள் சொல்லச் சொல்ல எனக்கு வாயூறும்.

அதைத்தான் எழுதினேன். எழுதும்போது "அவர்கள்" என்று வரவேண்டிய இடமெல்லாம் "நாங்கள்" என்று போட்டுவிட்டேன்... வாசிக்க நன்றாக இருந்தது.

மாமாவும் வசந்தியும் வந்திறங்கிய அன்று பின்னேரம். எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் என் கடிதத்தை எடுத்து உரத்து வாசிக்கத் தொடங்கினாள்.

"நாங்கள் வட்டமாக இருந்து, பனையோலையில் மடித்த பிளாவில் ஆவி பறக்கக் குடிப்போம். அதற்குள் கிடக்கும் நண்டு..."

அம்மாவின் கையிலிருந்த தேத்தண்ணி மூக்குப்பேணி அந்தரத்தில் நின்றது.

"நண்டோ? ஆரின்ரை வீட்டிலை?"

"நான் சாப்பிடேல்லை அம்மா. தவமணி சொன்னதைத்தான் எழுதினனான்."

"சாப்பிடாதவள் உப்பிடி எழுதுவாளோ? கேட்க எனக்கே மணக்குது!"

வேறு நேரமென்றால் அந்தப் பாராட்டுக்குத் துள்ளியிருப்பேன்.

அம்மாவின் கோபம் நண்டுக்கு மட்டுமில்லை. கடற்கரை வீட்டில் கை நனைத்துவிட்டேன் என்பதுதான் பெரிது. அந்தக் காலத்தில் சாதி பார்த்து எங்கள் ஆட்கள் அந்த வீடுகளில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"நெல்லியடிக்குப் போய்ப் படிச்சது காணும். லீவு முடிய இஞ்சை பக்கத்துப் பள்ளிக்கூடத்திலை சேர்."

எல்லாம் போச்சு! அந்தப் பள்ளிக்கூட லைப்ரரி, தவமணி, வல்லைவெளிக் காற்று முகத்தில் அடிக்கிற பஸ்...

"பொறு தங்கச்சி" என்றார் மாமா. "பிள்ளை, மிச்சத்தையும் வாசி."

வசந்தி பயந்த குரலில் வாசித்தாள். "நண்டுக்காலை முறுக்கு மாதிரி நொறுக்கி, ஓட்டோடு மென்று விழுங்குவோம்."

மாமாவுக்குத் தேத்தண்ணி புரையேறியது. சிரித்துச் சிரித்துக் கண்ணால் நீர் ஓடியது.

"உவள் நண்டைக் கண்ணாலையும் காணேல்லை! ஓட்டோடை விழுங்கினவள் ஆஸ்பத்திரியிலை எல்லோ கிடப்பாள்!"

"அப்ப... ஓட்டைத் தின்னுறேல்லையோ?" என்று அம்மா கேட்டா.

"இஞ்சை பார், இவளுக்கும் தெரியாது!"

வசந்தி என் நாடியைப் பிடித்தாள். "மச்சாள், வாயைத் திறவும். பல்லு இருக்கோ எண்டு பாப்பம்!"

படிப்புத் தப்பியது. மானம்தான் போனது.

கூழ் குடிக்காமல் திரும்பிப் போகமாட்டேன் என்று வசந்தி ஒற்றைக்காலில் நின்றாள். தவமணி வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டா.

"அங்கை பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கக் கூடாது."

தலையாட்டினேன்.

தவமணி வீட்டு முற்றத்தில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. அதற்கு எட்டத்தில், தனியாக மூன்று கல் வைத்து, ஒரு சின்னச் சட்டி. தவமணியின் அம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"இது உமக்கு, பிள்ளை. புதுச்சட்டி, புது அகப்பை. மீன், மச்சம் ஒண்டும் படேல்லை."

நான் கேட்கவேயில்லை. அவவாகவே செய்திருந்தா.

"குடியடி" என்றாள் தவமணி. "இதிலை ஓடு இல்லை!" வசந்தி எல்லாம் சொல்லிவிட்டாள்!

பிளாவைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குடித்தேன். செத்தல்மிளகாய் தொண்டையில் ஏற, புளி அதைப் பிடித்திழுக்க, அடியில் மெத்தென்று பலாக்கொட்டை... மூன்று பிளா குடித்தேன்.

இப்போது நான் இருக்கும் ஊரில் ஒடியல் மா பைக்கற்றில் கிடைக்கிறது. ஒன்றுகூடல்களில் ஆர் காய்ச்சினது என்று ஒருவரும் கேட்பதில்லை. "சைவமோ, மச்சமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பர் கப்பில் குடிக்கிறோம். அது நல்லதுதான், மிக நல்லது. ஆனால் எனக்கென்று புறம்பாக ஒரு புதுச்சட்டி அடுப்பேறியது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்...

அன்று பொழுதுபட வீடு வந்தோம். பாயைப் போடும்போது அம்மா கேட்டா.

"அங்கை ஏதும் குடிச்சனியோ?"

"ஓம் அம்மா. எனக்கெண்டு புதுச்சட்டியிலை சைவமாக் காய்ச்சினவை."

அம்மா தலையணையைத் தட்டிப் போட்டா. நெல்லியடி போச்சு என்றே நினைத்தேன்.

"உப்புப் புளி அளவாய் இருந்ததோ?"

"ஓம்."

"என்ரை கூழைவிடவோ?"

கொஞ்சம் யோசித்தேன்.

"ஓம் அம்மா."

அம்மா எழும்பிப் போய் லைட்டை அணைத்துவிட்டா.