மூன்று கவுண்டருக்கு ஒரே கணினி

எண்பதுகளின் கடைசியில் தம்பானூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் பஸ்களுக்கு மூன்று கவுண்டர்களில் டிக்கெட் கொடுத்தார்கள். ஓணம் சமயத்தில் ஒரே இருக்கையை இரண்டு கவுண்டர்களில் விற்றுவிடுவார்கள். பஸ் கிளம்பும் நேரத்தில் அடிதடி நடக்காத குறை.

முதலாளிக்குப் பக்கத்து ஆரியசாலையில் மொத்த வியாபாரக் கடையும் உண்டு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கணினி போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார். எல்லாக் கவுண்டரும் ஒரே சர்வரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சர்வர்னா ஓட்டல்ல இட்லி கொண்டாரவன்லா?"

"இதுவும் அதே வேலைதான் முதலாளி. மூணு மேசைக்கும் ஒரே ஆள்."

சிரித்தார். ஆனால் எந்த இயங்குதளம் என்ற பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எர்ணாகுளத்திலிருந்து வந்த விற்பனைக்காரர் டாஸில் ஓடும் மூன்று தனிக் கணினிகளை வயரால் இணைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். டாஸ் எல்லோருக்கும் தெரியும். கெட்டால் பார்க்க ஊரெல்லாம் ஆள் உண்டு. நான் கேட்டதோ யூனிக்ஸ். ஒரே கணினி, அதோடு திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள மூன்று டெர்மினல்கள். அதைத் தொட்டுப் பழகியவர்கள் அந்தத் தெருவில் என்னைத் தவிர யாருமில்லை.

"நீ கல்யாணம் கழிஞ்சு போயிட்டா யாரும்மா பாத்துக்கிடுவா?" என்றார் முதலாளி.

"அதைப் பாக்க ரெண்டு பேரைப் பழக்கிட்டுத்தான் போவேன். முதல்ல ரெண்டையும் ஓடவிட்டுப் பாருங்க."

ஒத்துக்கொண்டார். விற்பனைக்காரர் தன் கணினிகளைக் கொண்டுவந்து வைத்தார். நான் முதலாளியை ஒரு கீபோர்டின் முன்னும், கவுண்டர் குமாஸ்தாவை இன்னொன்றின் முன்னும் உட்காரவைத்தேன். ஒரே பஸ், ஒரே ஜன்னலோர இருக்கை. நான் கை தட்டியதும் இருவரும் ஒன்றாக அழுத்தினார்கள். இரண்டு பிரிண்டரும் கரகரவென்று ஓடின.

முதலாளி இரண்டு சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒருத்தன் மடியில ஒருத்தன் இருந்துக்கிடுவானா?"

"அது பின்னே சரியாக்காம், சாரே," என்று பிறகு சரிசெய்து தருவதாகச் சொன்னார் விற்பனைக்காரர், முகம் கறுத்து.

அடுத்து என் முறை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் ஏற்பாட்டில் சென்னையிலிருந்து வாங்கிய யூனிக்ஸ் கணினி. ஒரு கவுண்டர் தொட்ட இருக்கையை மற்றது தொட முடியாதபடி பூட்டும் புரோகிராமை நானே எழுதியிருந்தேன். மறுபடி கை தட்டினேன். ஒரு பிரிண்டர் மட்டும் ஓடியது. முதலாளியின் திரையில் 'இருக்கை போய்விட்டது' என்று ஆங்கிலத்தில் வந்தது. இன்னும் மூன்று தடவை முயன்றதில் ஒரு தடவை அவருக்குச் சீட்டு கிடைத்தது, மற்ற இரண்டும் குமாஸ்தாவுக்கு. இருவருக்கும் சேர்ந்து ஒருபோதும் கிடைக்கவில்லை. கடைசியில் கோபம் வந்ததுபோல் கீபோர்டைத் தள்ளிவிட்டு, "இதையே போடும்மா," என்றார்.

அந்த ஓணத்துக்கு நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. திரும்பி வந்ததும் கணினி உடனே எழவில்லை. விற்பனைக் கணக்கெல்லாம் பதிந்திருந்த தன் டிஸ்க்கை முழுக்கச் சோதித்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். முதலாளி ஓடி வந்தார். "எந்தாம்மா இது? டாஸா இருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்லா?"

"வந்திருக்கும். ஆனா எந்த இருக்கையை யாருக்குக் கொடுத்தோம்னு அது சொல்றதை நம்ப முடியாது. இது பாத்துட்டு வரட்டும்."

என் குரல் எனக்கே திடமாகக் கேட்டது. சோதனை முடிந்தது. விற்றவை எல்லாம் அப்படியே இருந்தன. குமாஸ்தா எட்டிப் பார்த்து, வரிசையின் முதல் ஆளைக் கூப்பிட்டார். அன்று மாலை கிளம்பிய எந்த பஸ்ஸிலும் சண்டை இல்லை.

மறுநாள் முதலாளி கரண்டு போனாலும் கணினி அணையாமலிருக்க பேட்டரிப் பெட்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, நாகர்கோவில் கிளைக்கும் யூனிக்ஸே போட வேண்டும் என்றார். நான் அங்கே போய் அதை அமைத்துவிட்டு, சொன்னபடி இரண்டு பேரைப் பழக்கினேன்.