கேட்டைத் தாண்டாத அவசரப் பை

புயல் சீசனாம். ஆளுக்கொரு அவசரப் பை கட்டி ஆபீஸ்லயே வைக்கணும்னு மெயில். கூடவே ஒரு லிஸ்ட்டு.

அதுல இருந்த அத்தனையும் வாங்கி, இன்னைக்குக் காலைல முதுகுல மாட்டிக்கிட்டு சிறுசேரி ஆபீஸ் கேட்டுக்குப் போனேன்.

செக்யூரிட்டி அண்ணன் ஜிப்பைத் திறந்தார்.

"இன்னா சார், கத்தியெல்லாம் தூக்கினு வர்றீங்க?"

கத்தி போச்சு. தீப்பெட்டி போச்சு. பவர் பேங்க், பிஸ்கட் பாக்கெட்டும் போச்சு.

மெயிலைக் காட்டினேன்.

"அது ஆபீஸ் ரூல் சார். இது கேட்டு ரூல்."

"அப்போ புயல் வந்தா?"

"பேஜாராவாதீங்க சார். டோக்கன் தரேன். வூட்டுக்குப் போறப்ப காட்டி வாங்கிக்குங்க."

இப்போ பையில மிச்சம் ஒரு துண்டும் அந்த டோக்கனும்தான்.

முக்கிய ஆவணம் எதுவும் நனையக் கூடாதுன்னு லிஸ்ட்ல போட்டிருந்துச்சு. டோக்கனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சுட்டேன்.

புயல் வரட்டும், நான் ரெடி. நீங்க?