சந்தேகம் என்ற கட்டம்

பம்பாயில் ஐஸ் ஹாக்கிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொன்னால் எங்கள் மாட்டுங்கா கட்டடத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த ஊரில் ஐஸ் என்றால் மீன் கூடையிலும் கரும்புச் சாற்று வண்டியிலும் இருப்பதுதான். ஆனால் சக்கர ஸ்கேட் கட்டிக்கொண்டு ஹாக்கி ஆடும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். சக்கரத்தில் நன்றாக ஓடத் தெரிந்தவளுக்குப் பனித்தளம் பழகச் சில வாரங்கள் போதும். அதனால் வடக்கே மலைப்பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு பெண்கள் லீக்குக்கு இங்கிருந்தும் சில பெயர்கள் போயின. டிராஃப்ட் அன்றைக்கு அணிகள் முறை வைத்து ஆட்களைப் பொறுக்கிக்கொள்ளும். அதற்கு முன்னால் மும்பைப் பெண்களைப் பார்த்து, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

நானும் சின்ன வயதில் சக்கர ஹாக்கி ஆடியவள். பிறகு பல வருஷம் விசிலும் கையுமாக நடுவராக நின்றிருக்கிறேன். ஆனால் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அது இல்லை. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸின் கிளெய்ம் செக்‌ஷனில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள் நான். கையில் ஒரு தாள் வந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன், பிறகு முத்திரையை, கடைசியில்தான் ஆளை. ஆட்டத்தைப் பார்க்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள், வயதைப் பார்க்கத்தான் நீங்கள் வேண்டும் என்று லீக்கிலிருந்து பேசியவர் ஹிந்தியில் வெளிப்படையாகவே சொன்னார்.

வயதில்தான் எல்லாக் கோளாறும். ஒவ்வொரு அணியும் பதினெட்டு முடியாத ஒரு பெண்ணையாவது எடுத்தே ஆகவேண்டும் என்று அந்த லீக்கில் விதி. பெரிய பெண்களோடு மோதாமல் உள்ளே நுழைய இருக்கிற ஒரே வழி அது. அந்த வழியில் இருபது வயதுக்காரியைப் பதினேழு என்று சொல்லித் தள்ளிவிடப் பார்ப்பார்கள். இது எல்லா ஆட்டத்திலும் உண்டு. எனக்குத் தந்த படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் இருந்தன: எடுக்கலாம், காத்திருக்கலாம், சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செம்பூரில் இருக்கும் ஸ்கேட்டிங் தளத்துக்குப் போனேன். ஐந்து பெண்கள். அதில் ஒருத்தி தாராவியிலிருந்து வந்தவள், பதினேழு வயது என்று பட்டியலில் போட்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் மற்ற நான்கு பேரை நான் மறந்துவிட்டேன்.

இளம் ஆட்டக்காரியிடம் நான் வேகத்தைப் பார்ப்பதில்லை. பக் கையை விட்டுப் போன அடுத்த நொடி என்ன செய்கிறாள் என்று பார்ப்பேன். பக் என்பது அந்தத் தட்டையான கறுப்பு வில்லை, பந்துக்குப் பதில் அதைத்தான் மட்டையால் தள்ளி ஆடுவார்கள். அதைப் பறிகொடுத்ததும் ஒருத்தி கோச்சைப் பார்த்தாள், ஒருத்தி வேலியோரம் நின்ற அப்பாவைப் பார்த்தாள். இந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பித் தன் கோலுக்கும் எதிராளிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். துரத்தவில்லை. எதிராளி தடுமாறும்வரை காத்திருந்து, மட்டையை நீட்டி எடுத்துக்கொண்டாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு உறுத்தத்தான் செய்தது. இந்தப் பொறுமை பதினேழு வயதில் வருமா? எனக்கு இருபத்தைந்திலும் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் முகவரியில் தாராவி என்று இல்லாமல் மாட்டுங்கா என்று இருந்திருந்தால் அதே பொறுமையைப் பார்த்து 'பிறவி ஞானம்' என்று எழுதியிருப்பேன்.

வேலியோரம் நின்ற அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். எங்கள் பக்கத்துத் தெருக்காரர், பாங்கில் பெரிய வேலை. அவர் மகளும் அந்த ஐந்தில் ஒருத்தி, பதினேழு வயதுக்காரி.

"மாமி, நான் சொன்னேன்னு வெளில வரப்படாது," என்றார். "அந்தத் தாராவிப் பொண்ணுக்குப் பதினேழுங்கறா. ஆறு வருஷம் முன்னாடியே அந்தப் பேரை நான் ஒரு டோர்னமென்ட் ஷீட்ல பார்த்திருக்கேன். அனுப்பறேன், நீங்களே பாருங்கோ."

அவருடைய ஆதாயம் என்ன என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். கிளெய்ம் செக்‌ஷனில் மொட்டைக் கடிதாசு போடுகிறவர்கள் எல்லாருமே ஆதாயக்காரர்கள்தான். ஆனாலும் கடிதாசைப் படிக்காமல் நாங்கள் கிழித்துப் போட்டதில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் தாளின் படம் போனில் வந்துவிட்டது. பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டி. புகைப்படம் இல்லை. முதலில் ஒரு பெயர், அதன் பின்னால் ஒற்றை எழுத்து, அதன் பின்னால் பிறந்த தேதி. தாராவிப் பெண் லீக்குக்குக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெயர். அடுத்து வரும் சொல்லும் அதே எழுத்தில்தான் தொடங்கியது. தாளில் இருந்த தேதிப்படி கணக்குப் போட்டால் அவளுக்கு இப்போது இருபத்தொன்று. விண்ணப்பத்தோடு இருந்த பிறப்புச் சான்றிதழ் பதினேழு என்றது, ஆனால் அது திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றில், பிறந்து ஒரு வருஷம் கழித்துப் பதிந்தது. அப்படித் தாமதமாகப் பதிந்த எத்தனை சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோச்சைக் கேட்டேன். தான் வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது, பழைய கதை தெரியாது என்றார்.

மறுநாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் தாராவிக்குப் போய் நின்றேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் வீடு தயாராகிவிடும் என்பது ஆபீஸில் கற்றது. ஒற்றை அறை, மேலே பரண். அம்மா தரையில் உட்கார்ந்து தோல் பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா பட்டறையிலிருந்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். பெண் ஸ்கேட்டின் சக்கரங்களைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க," என்று அம்மா பைகளை ஒதுக்கினார். "பிள்ளைக்கு செலக்‌ஷன் ஆயிருச்சா? ராத்திரி பகலா இதே நெனப்பாத்தான் இருக்கா."

"இன்னும் இல்லை. பெண்ணுக்கு வயசு என்ன ஆகிறது?"

"பதினெட்டு நடக்கும்மா."

பதினெட்டு நடக்கிறது என்றால் பதினேழுதான் முடிந்திருக்கிறது என்று எந்தத் தமிழச்சிக்கும் தெரியும். ஆனால் என் குறிப்பேட்டில் 18 என்று எழுதி ஒரு வட்டமும் போட்டேன். அன்றைக்கு என் மனது அப்படித்தான் இருந்தது.

போனில் இருந்த தாளைப் பெண்ணிடம் காட்டினேன். "இது நீதானே?"

அவள் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஊசியைக் கீழே வைத்தார். கட்டிலில் இருந்த அப்பா எட்டிப் போனைப் பார்த்தார், எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"நீயா இல்லையா?"

"தெரியல, ஆன்ட்டி," என்றாள்.

பொய். இருபத்தெட்டு வருஷம் பொய் கேட்ட காது இது. சக்கரத்தைத் துடைத்த துணியை அவள் கை திருகிக்கொண்டே இருந்தது. அம்மா காபி போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். சந்து முனை திரும்பும்வரை பின்னால் யாரோ வருவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், அந்தப் பெண்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடை வாசலில் அவள் அப்பா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் திரும்பிவிட்டாள். பேரம் பேச வந்திருப்பாள் என்று நினைத்தேன்.

அன்றே படிவத்தை நிரப்பினேன். ஆட்டத்தைப் பற்றி நேர்மையாகத்தான் எழுதினேன்: இந்த ஐந்து பேரில் மட்டுமல்ல, நான் பார்த்த வரையில் இவள்தான் சிறந்தவள். பிறகு மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டிராஃப்ட் நாள் வந்தது. காலையில் கண் பரிசோதனைக்கு ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் பெயர் கூப்பிட்டான். நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஏனென்றால் அவன் கூப்பிட்டது ஒரு ஆணின் பெயர். என் அப்பாவின் பெயர்.

எனக்கு அது பழகிப்போன விஷயம். பள்ளிக்கூடப் படிவத்தில் முதல் கட்டம் 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர். இந்த ஊரில் அதைத்தான் முதலில் எழுதுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் அப்பா தன் பெயரை அதில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து பள்ளியிலும் ஆபீஸிலும் பாங்கிலும் நான் அவர்தான். ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் என்னை அந்தப் பெயரோடு 'மேடம்' சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். என் தங்கையையும் அவள் ஆபீஸில் அப்படியே கூப்பிட்டார்கள்.

தங்கை என்று நினைத்ததும் கண் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்துவிட்டேன்.

தாளில் முதலில் இருந்தது பெண்ணின் பெயர் இல்லை, அவள் அப்பாவின் பெயர். இரண்டு தாளும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேனே தவிர, அது ஆணின் பெயர் என்பதை நான் கவனிக்கவே இல்லை. பின்னால் இருந்த ஒற்றை எழுத்துத்தான் பெண். நம் ஆட்கள் பிள்ளைகளுக்கு ஒரே எழுத்தில் பெயர் வைப்பார்கள். என் பெயரும் என் தங்கை பெயரும்கூட ஒரே எழுத்துத்தான். படிக்கட்டில் நின்றே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு அக்கா இருக்காளா?"

"இருக்கா, ஆன்ட்டி. நாலு வயசு பெரியவ. அவளும் ஆடினா. மான்குர்த்ல இருக்கா, லவ் மேரேஜ். அப்பா முன்னால அவ பேச்சே எடுக்கக் கூடாது. அன்னைக்கு அதான் தெரியலன்னு சொன்னேன். ரோட்டுல சொல்ல வந்தேன், அப்பா நின்னுட்டாரு."

அவள் பொய் சொன்னாள் என்று நான் கண்டுபிடித்தது சரிதான். எதை மறைத்தாள் என்பதுதான் தெரியவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

லீக்குக்குப் போன் போட்டேன். பட்டியல் முந்தின நாளே அணிகளுக்குப் போய்விட்டது என்றார் என்னை முதலில் கூப்பிட்டுப் பேசியவர். சந்தேகம் என்று ஒரு டிக் விழுந்தால் எந்த அணியும் அந்தப் பெயரைத் தொடாது, அதற்குத்தானே உங்களை வைத்தோம் என்றும் சொன்னார். மத்தியானம் முடிவு வந்தது. பக்கத்துத் தெருக்காரரின் மகளை ஒரு அணி எடுத்திருந்தது. அவர் வீட்டிலிருந்து இனிப்பு வந்தது. டப்பாவைத் திறக்காமல் வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் தாராவிப் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்திருக்கும். அந்த விதியின் வாசல் அவளுக்கு மூடியாயிற்று, இனி பெரியவர்களோடுதான் மோதவேண்டும். அதற்காவது அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சந்தேகம் போகவேண்டும். தாளில் இருப்பது அவள் அக்கா, தவறு முழுக்க என்னுடையது என்று, அவள் யாரிடமும் காட்டும்படி ஒரு கடிதம் அடித்து, கையெழுத்துப் போட்டு, அடுத்த ஞாயிறு செம்பூருக்குக் கொண்டுபோனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி இடுக்கிக்கொண்டு கடிதத்தை வாங்கினாள். முதலில் தேதியைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாக இரண்டு தரம் படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"இதுக்கு ஸ்டாம்ப் வேணாமா, ஆன்ட்டி? அப்புறம் செல்லாதுன்னு சொல்லிருவாங்க."

"செல்லும். கையெழுத்துப் போதும்."

நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவள் விரல் கையெழுத்துக்குக் கீழே அடித்திருந்த பெயரில் போய் நின்றது.

"இது யாரு?"

"நான்தான்."

"இது ஆம்பளப் பேருல்லா?"

"எங்கப்பா பேர்."

அவள் அந்தப் பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கு இதெல்லாம் முன்னாலயே தெரியும்ல, ஆன்ட்டி?"

தெரியும் என்றேன். அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, தளத்துக்குள் இறங்கிவிட்டாள்.