சாட்சிக்கு மட்டும் என் பெயர்

நானும் அவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஏழு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தோம், முதலில் கொரட்டூரில். இருவரும் சம்பாதித்தோம். என் நகைகளை விற்று, அவருடைய சேமிப்பையும் போட்டு, வானகரத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம்.

பத்திரம் எழுதுபவர் என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்னம்மா வேணும்?" என்றார். சுற்றிலும் ஆட்கள். உண்மையைச் சொல்லக் கூசியது. "தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் என் காதருகே, "உன் பேரை அப்புறம் சேத்துக்கலாம்" என்றார். நம்பிப் போட்டேன். அந்த ஃப்ளாட்டுக்கே குடிபோனோம்.

போன வருடம் பிரிந்தோம். நான் வேலைக்குப் போயிருந்தபோது அவர் ஃப்ளாட் பூட்டை மாற்றிவிட்டார். போனில் கேட்டதற்கு, "பத்திரத்துல உன் பேர் எங்க கீது, காட்டு" என்றார்.

வக்கீல் அம்மா பத்திர நகலைப் புரட்டினார். "கேஸ் போடலாம்மா. ஆனா நீங்க பணம் குடுத்ததுக்கு என்ன ஆதாரம்?" நகை விற்ற பணத்தை அவர் கையில் கொடுத்திருந்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வக்கீல் கடைசிப் பக்கத்தில் என் சாட்சிக் கையெழுத்தைத் தொட்டு, "அவங்க முதல்ல இதைத்தான் காட்டுவாங்க" என்றார்.

இப்போது முத்தாபுதுப்பேட்டையில் ஒற்றை அறையில் இருக்கிறேன். மிக்ஸி வாங்கினாலும் என் பெயருக்குப் பில் கேட்டு வாங்கி வைக்கிறேன். அவருக்கு நான் என்ன வேண்டும் என்று யார் கேட்டாலும், "ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவ" என்று கூசாமல் சொல்கிறேன்.

கேட்பவர்கள், "அதுக்கு எழுத்து ஏதாவது இருக்கா?" என்கிறார்கள்.