டிரஸ்ஸர் வருவதற்குள் ஊற்றிய தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரி என்றால் இரண்டே அறைகள். மருந்து கொடுக்க ஒரு டிரஸ்ஸர், அவர் சொன்னதைச் செய்ய நான். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் வேதக்காரர்கள் எங்களோடு சேர்த்து நாலு குடும்பம்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பாதர் வந்து பள்ளிக்கூடத்தில் பூசை வைப்பார். மற்றபடி மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்களும் காய் நறுக்கப் போவோம்.

ஒரு மத்தியானம், உதிரிப்பழம் பொறுக்கும் பெண் ஒருத்தி ஆறு மாத ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. டிரஸ்ஸர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக லோரி கேட்டு ஆபீசுக்கு ஓடினார். தாய் மாற்றுத் துணி எடுக்க லயத்துக்குப் போனாள். அறையில் நானும் அதுவும்தான்.

சாகக் கிடக்கிற குழந்தைக்கு, பாதர் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறு வகுப்பில் படித்திருந்தேன். யார் வீட்டுக் குழந்தைக்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஆற வைத்திருந்த தண்ணீரைத் தம்ளரில் எடுத்து, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று நெற்றியில் மூன்று முறை ஊற்றினேன். காய்ச்சிய தண்ணீர் செல்லுமா என்ற சந்தேகம் அந்த நேரத்திலும் வந்தது. என் புத்தி அப்படி.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பத்தாம் நாள் திரும்பி வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சந்தோஷம்தான், கூடவே குடைச்சலும் ஆரம்பித்தது. இவன் இப்போது யார்? மாரியம்மன் கோயிலில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். நான் எடை பார்க்கிற சாக்கில் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தெரிகிற மாதிரி ஏதாவது இருக்குமா என்று, வெட்கமில்லாமல், தேடினேன்.

அடுத்த பூசை முடிந்ததும் பாதரிடம் கேட்டுவிட்டேன்.

"ஞானஸ்நானம் செல்லும்," என்றார். "தாய்க்குத் தெரியுமா?"

"தெரியாது, பாதர்."

"அப்ப போய்ச் சொல்லு."

"சொன்னா, இனிமே யாரும் புள்ளைய என்கிட்ட தூக்கிட்டு வர மாட்டாங்க. புள்ளைங்களுக்குத்தான் ஆபத்து."

"அதுக்காக மறைக்கிறதா? போய்ச் சொல்லு."

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வேறு மதக்காரி நம் பிள்ளை மேல் கை வைத்துவிட்டாள் என்று லயமே திரண்டு வரும் என நினைத்தேன். வந்தால் குற்றம் சொல்லவும் முடியாது. கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் குப்புறக் கிடந்தான்.

"அன்னிக்கு நீ துணி எடுக்கப் போனப்ப, இவன் தலையில தண்ணி ஊத்தி எங்க ஜெபம் சொன்னேன். உன்னைக் கேக்காம செஞ்சது தப்பு," என்றேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. திரும்பி வந்து கதவுகிட்டதான் நின்னேன்."

"ஏன் கேக்கல? கோபம் இல்லையா?"

"கோபப்பட என்னா இருக்குலா? டிரஸ்ஸர் உதட்டைப் பிதுக்கிட்டாரு. இவங்கப்பாகூட உக்காந்து அழுதாரு. எல்லாரும் கைய விட்டுட்டாங்க. நீங்க ஒருத்திதான் இவன் பொழைப்பான்னு நம்பி உங்க சாமிகிட்ட கேட்டீங்க."

பிழைக்கும் என்று ஒரு நொடி நினைத்திருந்தாலும் அந்தத் தம்ளரை நான் எடுத்திருக்க மாட்டேன். அன்று ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் ஊட்ட வேண்டியவள் நான். அதை விட்டுவிட்டுத்தான் தம்ளரை எடுத்தேன். அந்த அறையில் முதலில் கையை விட்டவள் நான்தான்.

அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனாள். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.